பதினான்காம் பக்கத்தில் தவழ்பவர்

காட்டில் வைக்கும் கேமராவுக்குக் கண் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் தூக்கத்தில் இருக்கும். சூடுதான் அதை எழுப்பும். சூடான ஓர் உடம்பு முன்னால் குறுக்கே நகர்ந்தால் போதும், விழித்துக்கொண்டு அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கும். அதன் புத்தி அவ்வளவுதான். மீதியை நாம் கொடுக்க வேண்டும். கிழக்கே பார்த்து வைத்தால் விடிந்ததும் சூரியனையே மிருகம் என்று நினைத்துவிடும். முன்னால் புல்லை வெட்டாமல் விட்டால், வெயிலில் காய்ந்த புல் ஆடுவதைப் படம் எடுத்தே மெமரி கார்டு நிறைந்துவிடும். மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும். அதற்குமேல் ஒரு சாண் ஏறினாலும் சிறுத்தை அடியில் புகுந்து போய்விடும்.

கட்டியது சரிதானா என்று பார்க்க ஒரே வழி, யாராவது ஒருவர் சிறுத்தையாக மாறுவதுதான். காட்டுக்குள் இருக்கும் எங்கள் குடியிருப்பில் அந்த வேலை என் கொழுந்தனுடையது. கைகளை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, தோள்கள் மாறி மாறி எழ அவன் தவழ்ந்து போனால் நாய்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். 'நாலுகால்' என்றே அவனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவன் குறுக்கே போகும்போது சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கினால் கேமரா சரி. பிறகு நான் கேமராவின் எண்ணையும் தேதியையும் சிலேட்டில் எழுதி அதன் முன் பிடிப்பேன். பேட்டரி தீர்ந்தால் கேமராவுக்குள் இருக்கும் கடிகாரம் தேதியை மறந்துவிடும். சிலேட்டு மறக்காது.

இந்த விலங்குக் கணக்கெடுப்பை எட்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது நாங்கள்தான். கிழக்கு ஓடையில் கரடி குட்டி போட்டிருந்தது. நாங்களே கூடிப் பேசி, இனி அங்கே தேனுக்கும் கிழங்குக்கும் போவதில்லை என்று முடிவு செய்தோம். கால்தடத்தை எண்ணிக் குறித்து வைத்தோம். அதைப் பார்த்துத்தான் வனத்துறை பிறகு நாற்பது கேமரா கொடுத்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கார்டை எடுத்து அனுப்புவோம். நகரத்தில் எண்ணுவார்கள். என்ன எண்ணினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் சொன்னார்கள். நோட்டீஸில் சொன்னார்கள். காட்டில் விலங்குகள் பெருகிவிட்டனவாம். ஆகவே எழுபத்து மூன்று வீடுகளும் வெளியேற வேண்டுமாம். அவற்றுக்கு நாங்கள் இடைஞ்சலாம். ஆதாரம், ஒரே ஆண்டில் மனித நடமாட்டப் பதிவுகள் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரா? கைக்குழந்தையச் சேத்தாலும் நம்மகிட்ட முந்நூறு தேறாதே அண்ணி" என்றான் கொழுந்தன்.

"ஆள் இல்லப்பா, படம். நீ ஒருத்தனே பாதி தேறுவ."

கேலியாகத்தான் சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் கணக்கு மனதில் ஓடியது. ஒரு தடவை கார்டு மாற்றப் போனால், நாங்கள் கிட்டே வரும்போது மூன்று படம், இவன் தவழும்போது மூன்று, சிலேட்டுக்கு மூன்று. ஒன்பது. நாற்பது கேமரா, வருஷத்துக்கு ஆறு தடவை. வாசல் மண்ணிலேயே குச்சியால் பெருக்கினேன். இரண்டாயிரத்து நூற்று அறுபது.

வேலை செய்ததைத்தான் குற்றமாக எண்ணியிருக்கிறார்கள்.

கருத்துக் கேட்கும் கூட்டம் வனத்துறை அலுவலகத்தில். இரண்டு மின்விசிறி, அதில் ஒன்றுதான் சுற்றியது. கூரை மூலையில் கண்காணிப்புக் கேமரா. மேஜைக்குப் பின்னால் தங்க நிற விளிம்புக் கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்தில் கம்ப்யூட்டரோடு தட்டச்சர். எதிரே நாற்காலிகளில் அலுவலக ஆட்கள். எங்களில் இருபது பேர் சுவரோரம் நின்றோம்.

அதிகாரி கணக்கெடுப்பு அறிக்கையின் பதினான்காம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். அரைப்பக்கத்துக்கு ஒரு படம். அதன் கீழே, 'வேட்டைக்காரர் எனச் சந்தேகிக்கப்படுபவர் பதுங்கிச் செல்லும் காட்சி.'

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"சார், அது நான்" என்றான் கொழுந்தன். கூட்டத்தில் படம் வந்த சந்தோஷம் வேறு அவனுக்கு.

"ஒத்துக்கிறீங்களா? எதுக்குப் பதுங்கிப் போனீங்க?"

"பதுங்கல சார். சிறுத்தையா போனேன்."

நாற்காலிகள் சிரித்தன. அதிகாரியும் சிரித்தார். "எங்க, போய்க் காட்டுங்க பாப்போம்."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வழவழத்த தரையில் கைகளை ஊன்றினான். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறவன். நாற்காலிகளுக்கு நடுவே, தோள்கள் ஏறி இறங்க, மேஜையை நோக்கிப் போனான். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். "வால் எங்கப்பா?" என்றார் இன்னொருவர்.

காட்டில் அவன் தவழும்போது நாங்கள் பார்ப்பது அந்தச் சிவப்பு விளக்கைத்தான். இங்கே எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறந்த காட்டில் தான் திருடன் இல்லை என்று நிரூபிக்க, நாற்பது வயது ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நாலு காலில் போய்க்கொண்டிருந்தான்.

"எழுந்திருப்பா."

"இன்னும் திரும்பிக் காட்டல அண்ணி..."

"எழுந்திருன்னு சொல்றேன்ல. சிறுத்தைக்குத் தவழ்ந்தது போதும். இவங்களுக்கு வேணாம்."

சிரிப்பு நின்றது. நான் மேஜை அருகே போனேன்.

"சார், அந்தப் படத்துக்கு அடுத்த படத்தைத் திறக்கச் சொல்லுங்க."

தட்டச்சர் திறந்தார். நான் சிலேட்டோடு நிற்கிறேன். கேமரா பதினேழு, அன்றைய தேதி.

"இது ஒண்ணுதானே?" என்றார் அதிகாரி.

"நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க."

"நாலு."

நான், சிலேட்டு, கேமரா நாலு.

"முப்பத்தொம்பது."

நான், சிலேட்டு, கண்ணை மூடிக்கொண்டு. "அதுல தும்மிட்டேன் சார்."

நடந்தது இதுதான். நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் படங்களைப் பிரிக்கிறது. மிருகம் ஒரு குவியல், மனிதர் ஒரு குவியல். என் கொழுந்தன் மனிதன் என்று அது சரியாகவே கண்டுபிடித்துவிட்டது. அந்த மனிதன் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்பது மனிதர்களின் வேலை. அதை ஒருவரும் செய்யவில்லை. சிலேட்டு இருந்த படத்தையும் பார்த்துத்தானே தவழ்ந்த படத்தைப் பொறுக்கி எடுத்திருப்பார்கள்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

கார்டு மாற்றிய நாள்களின் படங்களையெல்லாம் ஒதுக்கச் சொன்னேன். தட்டச்சர் அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒதுக்கினார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாரும் எழவில்லை. கடைசியில் மிஞ்சியது முப்பத்து மூன்று.

"அதையும் திறங்க."

கேமரா ஒன்பது. கிழக்கு ஓடை. கார்டு மாற்றும் நாள் தவிர நாங்களே கால் வைக்காத இடம். ஜீப் நிற்கிறது. மடக்கு நாற்காலிகளில் ஐந்து பேர். அடுப்பில் புகை. பக்கத்தில் இடுப்பில் கை வைத்து ஒருவர், தங்க நிற விளிம்புக் கண்ணாடியோடு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அது... மேலிடத்து விருந்தினர். அலுவல் விஷயமா கூட்டிட்டுப் போனது" என்றார் அதிகாரி.

"நாங்க போனதும் அலுவல்தான் சார். உங்க அலுவல். நாங்க அங்க அடுப்பு வைக்கல."

அவர் தண்ணீர் குடித்தார். "சரிம்மா, குறிச்சுக்கறோம்" என்று தட்டச்சருக்குக் கைகாட்டினார். வந்த தாளில் ஒரே வரி: 'மக்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன.' கையெழுத்துக்கு என்று கீழே இருபது கோடுகள்.

"இதுல போட மாட்டோம்" என்றேன்.

"ஃபார்மாலிட்டிதாம்மா."

"அப்போ நாங்க பேசினதையும் ஃபார்மாலிட்டியா எழுதுங்க."

யாரும் போடவில்லை. பேனா இருபது கை மாறி, மூடி திறக்காமலே மேஜைக்குத் திரும்பியது. அரைமணி நேரம் கழித்து இரண்டாவது தாள் வந்தது. இரண்டாயிரத்து நூற்று அறுபது படங்கள் கேமராவைப் பராமரித்தவர்களுடையவை. மீதி முப்பத்து மூன்றும் ஜீப்பில் வந்த வெளியாட்கள். மறுகணக்கு முடியும்வரை ஒரு வீட்டையும் தொடக் கூடாது. இனி ஒவ்வொரு கார்டின் நகலும் குடியிருப்பில் இருக்கும். 'விருந்தினர்' என்று எழுத அவர் விடவில்லை. 'வெளியாட்கள்' என்பதை எடுக்க நாங்கள் விடவில்லை.

"மேல அனுப்பறேன். முடிவு என் கையில இல்ல" என்றார்.

"படம் எங்க கையில இருக்கும் சார்" என்று கையெழுத்துப் போட்டேன்.

தாள் மேலே போகிற வழியில் காணாமல் போகலாம். எங்களுக்குத் தெரியாததா? பையிலிருந்து சிலேட்டை எடுத்தேன். தேதி எழுதினேன். கீழே, 'கூட்டம் நடந்தது. இருபது பேர் வந்தோம். மறுகணக்கு வரை வெளியேற்றம் இல்லை.' கூரை மூலையிலிருந்த கண்காணிப்புக் கேமராவுக்கு நேராகப் போய், தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"பராமரிப்பு சார்." அண்ணாந்து பார்த்தபடியே கொழுந்தனைக் கூப்பிட்டேன். "விளக்கு எரியுதா பாருப்பா."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நிமிர்ந்து நின்று பார்த்தான்.

"எரியுது அண்ணி."