காப்பாளர்

"கட்டை விரலைக் காட்டுடி!" மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் நின்றான்.

"எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமேண்ணே."

"கையெழுத்துப் போட்டா, நல்லாத்தானே இருக்கான்னு மனுவைத் தூக்கிக் கடாசிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கையும் காலும் சூம்பிப் போயின. மிச்சமிருந்த இடது கையால்தான் அந்த வீட்டின் சமையலும் துவையலும் நடந்தன. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் புரட்டித் துடைப்பதும் அவள்தான். ஆனால் உதவித்தொகை விண்ணப்பத்தில் அண்ணன் எழுதியிருந்த கதையே வேறு. தன் காரியத்தைத் தானே பார்க்க இயலாதவளாம். கவனித்துக்கொள்பவள் அண்ணியாம். காப்பாளர் அண்ணனாம். பணமும் காப்பாளர் கணக்குக்கே போகும். என்ன அக்கறை பாருங்கள்!

காலுக்கு மாட்டும் காலிப்பர் ஒன்று வேண்டுமென்று அவள் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் வாயில் அது எப்போதும் 'அடுத்த மாசம்' தான். இந்தப் பணமாவது வந்தால் வாங்கிவிடலாம். மனு தள்ளுபடியாகிவிடுமோ என்ற பயத்தில் விரலை நீட்டினாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா அம்மாள் அவளைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டாள். "இவங்க பேசுவாங்களா?"

"கொஞ்சம் பேசும் மேடம்."

பேசுமாம்! கடையில் பொம்மையா விற்கிறான்?

"சாப்பாடு?"

"என் சம்சாரம்தான் ஊட்டி விடுறா."

அடப்பாவி என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. "மேடம், கையெழுத்துப் போட்டா பணம் கிடைக்காதா?"

"யார் சொன்னது? பாதிப்பு எவ்வளவுன்னு டாக்டர் எழுதிட்டார், அது போதும். பணம் யார் பேருக்குப் போகணும்கிறதுக்குத்தான் இந்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கத்தை மட்டும் புதுசாக் குடுங்க. நானே எழுதுறேன்."

"கண்டுக்காதீங்க மேடம், அவளுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு" என்றான் அண்ணன்.

குமாஸ்தா தயங்கினாள். அந்த நேரம் பார்த்து அண்ணனுடைய போன் அடித்தது. வேன் ஓட்டுகிறவன், பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். அண்ணியின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"இன்னும் என்ன பண்றீங்க? அவளைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க! அத்தை துணியை நனைச்சுட்டாங்க, எனக்கு மாத்தத் தெரியாது. அடுப்பும் பத்த வைக்காமக் கிடக்கு!"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குமாஸ்தா ஒரு புதுப் பக்கத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

பணம் பெறுபவர் என்ற இடத்தில் இடது கையால் அவள் தன் பெயரையே நிதானமாக எழுதினாள்.

"வீட்டுக்கு வா, உன்னைக் கவனிச்சுக்கறேன். நடந்தே வந்து சேரு!" அண்ணன் விடுவிடென்று வாசலுக்குப் போனான். போன் மறுபடியும் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவன் முகம் தொங்கத் திரும்பி வந்தான்.

"வண்டியில ஏறும்மா. அம்மா ஈரத்துலயே கிடக்காங்க."

அம்மா என்றதும் அவள் வாசலைப் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கையெழுத்தைப் போட்டு, பக்கத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்தாள்.

"ரசீது வாங்காம நான் வரமாட்டேன். அவசரம்னா நீங்க போய் மாத்தி விடுங்கண்ணே. உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே."

காப்பாளர் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்.