நடுவில் ஒரு சாம்பல் திட்டு

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கடுகளவு திருகாணி தரையில் விழுந்தாலும் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடுவார். நான் ஒரு பொத்தானை மாற்றித் தைத்தால்கூடக் கண்டுபிடித்துக் கேலி செய்வார். அப்படிப்பட்டவர் ஆறு மாதத்துக்கு முன் கடையைப் பூட்டிவிட்டு, "மனசுக்கு அமைதி வேணும். ஏரிக்கரையில உக்காந்து படம் வரையப் போறேன்" என்றார். யாருக்குக் காது குத்துகிறார்? இருபது வருஷமாகத் தையல் மெஷினில் குனிந்தே கிடக்கிறேன், எனக்கு வேண்டாத அமைதி இவருக்கு மட்டும் எதற்கு?

படங்கள் வீட்டில் குவிந்தன. நீலம், பச்சை, ஓரத்தில் நாணல் மாதிரி நாலு கீற்று. எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. "நவீன ஓவியம் அண்ணி இது. என்ன ஒரு தியானம் பாருங்க!" என்று மெச்சிவிட்டுப் போனாள் நாத்தனார். எனக்கு மூக்கில் வியர்த்தது. யாரையோ வரைந்துவிட்டு மேலே பூசி மெழுகியிருக்கிறார்.

"நடுவுல என்னங்க இது?"

"பாக்கறதைத்தான் வரையறேன்."

அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் காதுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார். ஊசி கோக்க முடியாமல் நான் கண்ணாடி போட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? மனசு வேறெங்கோ இருந்தால், பெண்டாட்டி மூக்கில் கண்ணாடி இருந்தால் என்ன, கத்தரிக்கோல் தொங்கினால் என்ன!

அவர் குளிக்கப் போன நேரத்தில், தையல் பிரிக்கும் ஊசியால் ஒரு திட்டைச் சுரண்டினேன். அடியில் வெறும் வெள்ளைத் துணிதான். அப்போதும் மனசு ஆறவில்லை. மறுநாள் காலை, கையும் களவுமாகப் பிடிக்க அவர் பின்னாலேயே போனேன்.

ஏரிக்கரையில் ஈ காக்கா இல்லை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்து வரைந்தார். அவள் வரட்டும் என்று அரை மணி நேரம் மரத்துக்குப் பின்னால் நின்றேன். யாரும் வரவில்லை. பொறுமை போய், நேராக அவர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன். திருதிருவென்று விழிப்பார் என்றுதான் நினைத்தேன்.

நிமிர்ந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"யாருங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

படத்தைப் பார்த்தேன். ஏரி இருந்தது, நாணல் இருந்தது. நான் நின்ற இடத்தில் சாம்பல் திட்டு.

"நான்தாங்க," என்றேன்.

தூரிகை அவர் கையிலிருந்து நழுவியது.

"எத்தனை நாளா?"

"கடையைப் பூட்டினதுலேர்ந்து. நேராப் பாத்தா நடுவுல எதுவும் தெரியலை. இனிமே திரும்பாதுன்னுட்டார் டாக்டர். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

பக்கத்தில் மண்டியிட்டேன். அவர் கையை நீட்டி என் முகத்தைத் தடவினார். நீலச் சாயம் ஒட்டிய விரல் மூக்கருகில் இடித்து நின்றது.

"கண்ணாடியா? எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்துதாங்க," என்றேன்.