ஊருக்குத் தங்கம்

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பஜனைக் கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணனைத் திட்டும். ராதையாக ஒருத்தி உள்ளே இருந்து திட்டுவாள். மற்றவர்கள் கண்ணன் படத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, அவனுக்காகப் பாடிக் கெஞ்சுவார்கள். கோபம் தீர்ந்ததும் கதவு திறக்கும். 'கதவுப் பாட்டு' என்று பெயர். இப்போது எட்டு இடங்களில் நடக்கிறதாம். ஐந்து வருடத்துக்கு முன்னால் அது எங்கள் வீட்டுக் கதவு. உள்ளே இருந்தது நான்.

என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஓடுகிற மோட்டாரின் சத்தமே அவருக்குச் சுருதி. ஒரு அச்சகக்காரர் வீட்டில் ரிப்பேர் முடித்துவிட்டுக் கைகூடக் கழுவாமல் பாடியிருக்கிறார், தானே கட்டிய பாட்டை. அச்சகக்காரர் அழுதுவிட்டாராம். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு வீடு என்று ஆனது. எல்லாப் பாட்டிலும் கண்ணன் அவருக்குத் 'தங்கமே'. நான் 'இங்க பாரு'. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக 'இங்க பாரு'.

பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிச் சிரிக்கிறார் என்றால் அம்மாவிடம் போய் அழலாம். சாமியைக் கொஞ்சுகிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? படத்தைத் துடைக்கும்போதெல்லாம் கண்ணனின் முகத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தித் துடைப்பேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஒரு வாடகை வீடு பார்க்கப் போவதாக இருந்தது. தனிச் சமையலறை உள்ள வீடு. ஐந்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நாலு மணியிலிருந்து அதன் வாசலில் நின்றேன். அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். ஆறு மணிக்கு ஆர்மோனியமும் ஏழெட்டுப் பேருமாக வந்து கதவைத் தட்டினார்.

"இங்க பாரு, கதவைத் தொற. எல்லாரும் வந்திருக்காங்க."

அவரை 'நீங்க' என்று மட்டுமே அழைத்துப் பழகியவள் நான். அன்று வாயில் வந்தது வேறு.

"எந்த வீட்டுல பாடிக்கிட்டிருந்தியோ அங்கயே போ! உன் வாயில வர்ற தங்கமெல்லாம் ஊருக்கு, எனக்கு மட்டும் தகரமா?"

வெளியே அச்சகக்காரரின் குரல் நடுங்கியது. "ஐயோ! 'நீ'ங்கிறாங்களே! இது நம்ம அக்கா இல்ல. ராதையே வந்து கேக்கறா. கெஞ்சுங்கப்பா எல்லாரும், கெஞ்சுங்க!"

அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் இன்னும் கத்தினேன். கத்தக் கத்தப் பாட்டு ஏறியது. கடைசியில் அக்கம்பக்கத்துக்குப் பயந்துதான் திறந்தேன். என் காலில் விழுந்தார்கள். கடைசியாக விழுந்தது என் கணவர்.

நான் ராதை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், "தங்கமே, தப்பு என்மேல, தொறந்துடு" என்று பாடியது என் காதில் விழுந்திருந்தது. அடுத்த சனிக்கிழமையும் வேண்டும் என்றார்கள். சரி என்றேன். ஐந்து வருடம், வாரம் அரைமணி நேரம், ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து என் புருஷன் என்னைத் தங்கமே என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற ஆறு நாளும் 'இங்க பாரு'தான். போதவில்லை, ஆனாலும் ஓடியது.

ஐந்தாவது வருட விழாவுக்கு மண்டபம் எடுத்தார்கள். அச்சகக்காரர் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, மண்டபம்னா மைக் வச்சுப் பாடணும். உங்க தொண்டை தாங்காது. நம்ம கூட்டத்துக்கு வர்ற டியூஷன் டீச்சருக்கு நல்ல பாட்டு ஞானம். இந்த ஒரு வாட்டி..."

நான் கணவரைப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுது" என்றார் அவர், ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி.

உடன் இருந்த என் நாத்தனார் சிரித்தாள். "என்ன அண்ணி, மூஞ்சி இப்படிப் போகுது? சீட்டா பறிபோச்சு?"

"போறதுக்கு என்ன இருக்கு? திட்டறதுக்கு ஆளா இல்ல?" என்றேன். அன்றைக்குக் காபியில் சர்க்கரை போட மறந்தேன். அச்சகக்காரர் அப்படியே குடித்தார்.

விழா அன்று காலையில் முதல் தடவையாகக் கதவுக்கு வெளியே நின்றேன். தாழ்வாரத்தில் நூறு பேர் இருந்தார்கள். டியூஷன் டீச்சருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அன்று நான் கத்திய 'தகரமா'வை அவள் மூன்று விதமாக இழுத்துப் பாடினாள். அதில் கோபமே இல்லை, அழகாக இருந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"தங்கமே" என்றார் என் கணவர்.

அதே குரல், அதே குழைவு. ஒரு இழைகூடக் குறையவில்லை. நான் உள்ளே இருந்த காலத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. யாரைக் கெஞ்சுகிறாரோ அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை. ரொம்பத் தூரத்தில் எங்கேயோ இருந்தாள்.

எல்லாரும் சாப்பிடப் போனபின், ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "உள்ள யாரு இருக்கான்னு நெனச்சுப் பாடறீங்க?"

"கதவு சாத்தியிருந்தா யாருன்னே தெரியறதில்ல."

"மொத நாளு?"

ஜமக்காளத்தின் நுனி கையிலிருந்து நழுவியது. "மொத நாள் நீதான். வீடு பாக்கப் போறத மறந்துட்டேன்னு நீ கத்தினப்பதான் ஞாபகம் வந்துச்சு. ரொம்ப நாளு உன்கிட்டதான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"எப்ப மாறுச்சுன்னு தெரியல."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். பொய் சொல்லியிருக்கலாம். எந்தச் சனிக்கிழமை என்று என் மனசு பின்னோக்கித் தேடியது. மழை பெய்த சனிக்கிழமைகள், எனக்குக் காய்ச்சலாக இருந்தவை, அவர் குரல் கம்மியிருந்தவை. எதுவரை எனக்குச் சொன்னது, எதிலிருந்து ராதைக்கு? நான் ஒன்றும் அறியாமல் உள்ளே உட்கார்ந்து, வேறொருத்தியின் கொஞ்சலை மடியில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார். "ஏறு."

"ஒரு தடவை அப்படிக் கூப்பிடுங்க."

"எப்படி?"

"பாட்டுல கூப்பிடற மாதிரி."

அவர் தெருவைப் பார்த்தார். எதிரே செருப்புக் கடை, பஸ்ஸுக்கு நிற்கும் நாலு பேர். காது சிவந்தது. "இங்க வேணாம். யாராவது கேக்கப் போறாங்க."

"இப்பத்தான் நூறு பேரு கேட்டாங்க."

"அது வேற."

நான் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. "இங்க பாரு. ஏறு. வெயிலா இருக்கு. இங்க பாரும்மா." ராகமும் இல்லை, தாளமும் இல்லை. மூச்சு வாங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். கண்களை அகலத் திறந்து, தெருக் குழிகளைத் தவிர்த்து, என்னையே பார்த்துக்கொண்டு தள்ளி வந்தார்.

நான் ஏறவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.