சொன்னால் கேட்காத சூப்பர்வைசர்

கண்ணாடிக் கடைக்காரர் வாய் திறப்பதே அபூர்வம். யாராவது ஜன்னலுக்கு அளவு சொன்னால் தலையாட்டுவார், வெட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். நாயிடம் மட்டும் அவருக்கு வாய் ஓயாது. அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு வேலையும் செய்யாமல் கடை முழுக்கச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

"அதுகிட்ட பேசறதுல கால்வாசி என்கிட்ட பேசுங்களேன். நானும் இந்த வீட்லதான் இருக்கேன்" என்பாள் மனைவி.

கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி உடைந்தால் அவர் "நில்லு" என்பார். சூப்பர்வைசர் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும். அவர் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, "வா" என்ற பிறகுதான் அடுத்த அடி. பதினோரு வருடத்தில் அதன் காலில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஆறேழு மாதமாகத்தான் அதன் போக்கு சரியில்லை. கூப்பிட்டால் வருவதில்லை, போகச் சொன்னால் படுத்தே கிடக்கிறது.

"இப்பல்லாம் சொன்னா கேக்கறதே இல்ல" என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.

"வயசானா பிடிவாதம் வரும். உங்களையே பாருங்க" என்றாள் அவள்.

ஒரு நாள் மதியம் ஆறடிக் கண்ணாடி ஒன்று கைநழுவி விழுந்து தரை முழுக்கச் சிதறியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது.

"நில்லு" என்றார். அது வந்தது. "நில்லுடா, நில்லு" என்று தொண்டை கிழியக் கத்தினார். அது வாலை ஆட்டிக்கொண்டே கண்ணாடித் துண்டுகள் மேல் நடந்து அவரிடம் வந்து சேர்ந்தது. வந்த வழியெல்லாம் ரத்தம்.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். இறக்கிவிட்டதும் அத்தனை பயமும் கோபமாக மாறியது. முகத்திலேயே ரெண்டு அறை விட்டார். "சொன்னா கேக்க மாட்டியா? அவ்ளோ திமிரா?"

அதுவரை அவர் அதை அடித்ததே கிடையாது. கட்டுப் போட்டுவிட்டு, தண்டனையாக மூன்று நாள் அதனுடன் பேசாமல் இருந்தார். பெரிய தண்டனைதான், போங்கள்.

நாலாம் நாள் கால் வீங்கிவிட, கணவனும் மனைவியுமாக அதைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள்.

"சொன்னா கேக்கல டாக்டர். கண்ணாடி மேலயே நடந்துடுச்சு."

"எத்தனை நாளா கேக்கல?"

"ஆறேழு மாசமாவே."

டாக்டரம்மா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, மேஜை மேல் நின்ற நாய்க்குப் பின்னால் தரையில் போட்டார். கடைக்காரர் துள்ளினார், மனைவி துள்ளினாள். நாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னது சரிதான். அதுக்குக் கேக்கல. ரெண்டு காதும் போயிடுச்சு."

கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் அசைவதை மட்டும்தான் அது அன்று பார்த்திருக்கிறது. தன்னைத்தான் ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வந்திருக்கிறது. வந்ததற்குக் கிடைத்தது அறை.

"கவலைப்படாதீங்க, இனிமே கையால பேசுங்க. உள்ளங்கையைக் காட்டினா நில்லு. உங்க பக்கம் அசைச்சா வா. பத்து நாள்ல கத்துக்கும். எங்க, ஒரு தடவை கையைக் காட்டுங்க."

அவர் கையைத் தூக்கினார். நாய் வயிறு மேஜையில் ஒட்டும்படி சுருங்கி, அங்கேயே சிறுநீர் விட்டது.

டாக்டரம்மா துடைத்தபடியே கேட்டார். "கை நீட்டினீங்களா?"

"அன்னிக்கு மட்டும்தாம்மா."

 வீடு வரை நாயை மனைவியே தூக்கி வந்தாள்.

பத்து நாள் இருபது நாளாயிற்று. மனைவி கையசைத்தால் அது போனது, பக்கத்து வீட்டு டெய்லர் அசைத்தாலும் போனது. இவர் கை உயர்ந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. பிஸ்கட்டை வைத்துப் பார்த்தார், இடது கையால் பார்த்தார், ஆமை வேகத்தில் அசைத்தும் பார்த்தார். நிற்கச் சொல்ல வழியில்லாததால் கடைக்கு அழைத்துப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"அவசரப்படாதீங்க" என்றாள் மனைவி.

"எனக்கென்ன அவசரம். அதுக்குத்தான் வயசாகுது."

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து அலுத்து வந்தவர், சுவரில் சாய்ந்து கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கைகளைக் காணவில்லை. மெல்ல நொண்டி வந்து, அவர் மடியில் தலையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டது.

அவரிடம் அதற்குக் கோபமே இல்லை. பயமெல்லாம் அந்தக் கைகளிடம்தான்.

சமையலறையிலிருந்து மனைவி ரகசியமாகச் சொன்னாள். "தடவிக் குடுங்க."

"வேணாம். போயிடும்."

கை மரத்துப்போகும் வரை அப்படியே இருந்தார். அன்று நடந்ததையும், தான் நினைத்ததையும், தப்பு யாருடையது என்பதையும் கேட்காத அந்தக் காதுகளிடம் ஒன்று விடாமல் சொன்னார். கண்ணீர் மூக்கு ஓரமாக இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவர் கையை வெளியே எடுக்கவில்லை.