கண்ணுக்குச் சத்தம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் ‘பாத்ரூம் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகு திரும்பியதும் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டடக் கலைஞரிடம் வேலை பார்க்கிறாள். கழிப்பறை, லிஃப்ட், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய், கதவுக் கீல் என்று எந்தப் பத்திரிகைக்காரனும் படம் எடுக்காத எல்லாவற்றையும் வரைவது அவள்தான். படம் எடுக்கிற இடங்களை அவர் வரைவார். வரைவார் என்றால், ஒரு தாளில் கரித்துண்டால் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். அந்த நான்கு இழுப்புக்குள் ஆயிரம் பேர் ஏறி இறங்க வழி கண்டுபிடிப்பது இவள் தலையில் விழும்.

அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘மௌனம்’. சுவர் மௌனமாக இருக்க வேண்டும், தரை மௌனமாக இருக்க வேண்டும் என்று காலை ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு வேளைவரை வாய் ஓயாமல் பேசுவார். வீட்டுக்குத் தங்கை வரும்போதெல்லாம் அவள் அவரைப் போலவே கையை ஆட்டிப் பேசிக் காட்டுவாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மௌனத்தின் பெரிய கட்டடம் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. கீழே மூன்று மாடி கடைகள், அதற்கு மேல் ஐந்து மாடி அலுவலகங்கள், உச்சியில் வீடுகள். உள்ளே வந்தவர்கள் வெளியே போகவே தேவையில்லை என்று விளம்பரம் சொன்னது. அது உண்மைதான். வெளியே போகும் வழி யார் கண்ணுக்குத் தெரிந்தால்தானே போவதற்கு? கட்டடத்தின் நடுவே ஒரு பெரிய வெள்ளைப் பள்ளம். அதற்குள் பாம்பு மாதிரி வளைந்து இறங்கும் படி, எந்த மாடியில் இருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லாது. கடைப் பலகைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதன்மேல் அதைவிடக் கொஞ்சம் கருத்த சாம்பலில், இரண்டு விரல் உயர எழுத்து. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுகூடத் தெரியக் கூடாது என்று விளக்குகளையும் ஒளித்து வைத்திருந்தார்.

பள்ளத்துக்கும் கடைகளுக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். சட்டம் இல்லை, விளிம்பு இல்லை. அவள் தன் வரைபடத்தில் ஆள் கண் உயரத்துக்கு வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் போட்டிருந்தாள். மௌனம் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் ‘கண்ணுக்குச் சத்தம்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார்.

“சார், புள்ளி இல்லன்னா கண்ணாடி இருக்குன்னே தெரியாது” என்றாள்.

“தெரியக் கூடாது. அதுதான் அழகு.”

மேற்கொண்டு பேசினால் அழகைப் பற்றி இன்னும் முக்கால் மணி நேரம் கேட்க வேண்டியிருக்கும். பசி வேறு. போய்ப் புள்ளிகளை அழித்துப் புதிதாக வரைந்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பழைய இடத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம். “உங்க ஆபீஸ் கட்டுறதுதானே அக்கா, நல்லா இருக்குமா?” என்று கேட்டாள். தான் சமைத்ததைத் தானே வாயில் வைக்க முடியாது என்று எவளாவது சொல்வாளா? “நல்லாத்தான் இருக்கும்” என்றாள் அக்கா. தங்கை இரண்டாம் மாடியில் கடை எடுத்தாள்.

மற்றவர்கள் பாடே திண்டாட்டம் என்றால், தங்கையின் கடைக்கு வருகிறவர்கள் பாடு கேட்கவே வேண்டாம். கண் சரியாகத் தெரியாததால்தானே அவர்கள் வருகிறார்கள்! அந்தச் சாம்பல் எழுத்தைப் படிக்க முடிந்தவனுக்குக் கண்ணாடி தேவையில்லை. கண்ணாடி தேவைப்பட்டவனுக்கு அதைப் படிக்க முடியாது. ஒருவர் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, சாய்ந்த நாற்காலி ஒன்றைக் கண்டு நிம்மதியாக உட்கார்ந்து கண்ணை அகல விரித்தாராம். அது பல் டாக்டரின் நாற்காலி. தங்கை ஒரு காகிதத்தில் பெரிதாக அம்புக்குறி போட்டுக் கண்ணாடிச் சுவரில் ஒட்டினாள். மறுநாளே கட்டட மேலாளர் அதைக் கிழித்துவிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

ஒரு நாள் முற்பகல், அக்கா தங்கை இருவருக்கும் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் நடையில் பழைய வேகம் குறையவில்லை. படியேறி வந்ததும், எதிரே கடை வாசலில் தங்கை கையசைப்பதைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தபடி நேரே நடந்தார். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர் சுவர்க்கண்ணாடியில் மோதி மூக்கெலும்பு உடைந்து விழுந்தார்.

மறுநாள் காலை தங்கை அக்கா வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அந்தக் கண்ணாடி நீ வரைஞ்சதா?”

“ஆமா.”

“அங்க ஒண்ணு இருக்குன்னு தெரியற மாதிரி ஏதாவது போடணும்னு உனக்குத் தோணலையா?”

“தோணுச்சு. போட்டேன். அவர் அடிச்சிட்டார்.”

“அப்புறம் நீ என்ன செஞ்ச?”

“எடுத்துட்டு வரைஞ்சேன். கையெழுத்துப் போட்டேன்.”

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

“அவர் ஒரு முட்டாள்னு இத்தனை வருஷமா எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. நானும் சிரிச்சேன். அந்த ஆள் தெரியாம செஞ்சார். நீ தெரிஞ்சே செஞ்சிருக்கியே அக்கா.”

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அக்கா கவனிக்கவில்லை. அவள் கை அசைத்துக் காட்டிய மௌனம், அவள் சொல்லிச் சிரித்த மௌனம், எல்லாம் நினைவுக்கு வந்தன. எவ்வளவு சௌகரியமான சிரிப்பு அது!

இரண்டு நாள் கழித்துக் கட்டடத்தின் முதலாளி கூட்டம் போட்டார். மௌனம் வந்திருந்தார், டீச்சரின் மகன் வந்திருந்தான், மேலாளர் சுவரோரம் நின்றார். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“நல்ல கட்டடத்துக்கு மக்கள் பழகணும். இதுக்குள்ள நடக்கக் கத்துக்கக் கொஞ்ச காலம் ஆகும்” என்றார் மௌனம்.

“எங்கம்மா அறுபத்தெட்டு வருஷமா நடக்கறாங்க சார்” என்றான் மகன்.

முதலாளி இருமினார். மௌனம் மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சொன்னார்: “நான் கொடுக்கறது ஒரு எண்ணம். கண்ணாடி, கீல் மாதிரி விவரமெல்லாம் இவங்க பொறுப்பு. கையெழுத்தைப் பாருங்க, இவங்களோடதுதான்.”

அக்கா பைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் விரித்தாள். எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாத பழக்கம் அவளுக்கு. வீரம் ஒன்றும் இல்லை.

“இது நான் முதல்ல போட்டது. மேல சிவப்புல எழுதினது சார். இது அதுக்கப்புறம் நானே அழிச்சிட்டுப் போட்டது, கீழ என் கையெழுத்து. ரெண்டு பேரும் சேர்ந்துதான் டீச்சர் மூக்கை உடைச்சோம்.”

முதலாளி ‘கண்ணுக்குச் சத்தம்’ என்பதை வாய்விட்டு இரண்டு தரம் படித்தார். பிறகு மௌனத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் நிஜமாகவே மௌனமாக இருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். அதுவும் நிலைக்கவில்லை. புள்ளி வைத்தால் கட்டடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கிளம்பினார். எடுத்துவிடுங்கள் என்றார் முதலாளியும். பெயர் எங்கே பொறித்திருக்கிறது என்று தேடி மேலாளர் கட்டடத்தை முழுதாகச் சுற்றி வந்தார். அதுவும் சாம்பலில் சாம்பல்.

அந்த வாரமே புள்ளிகள் வந்தன. அக்கா வேலையை விட்டாள். அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. டீச்சரைப் பார்க்கப் போனாள். மூக்கின்மேல் கட்டோடு அவர் கதவைத் திறந்தார். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“அப்பவே நீ அப்படித்தான்” என்றார் டீச்சர். “விடை சரியாப் போடுவ. பக்கத்துல இருக்கறவ வேற போட்டிருந்தா, உன்னோடதை அழிச்சிட்டு அதையே எழுதி வைப்ப.” உள்ளே வா என்று சொல்லவில்லை.

அந்தக் கட்டடம் அடுத்த வருடம் பரிசு வாங்கியது. புள்ளிகள் வருவதற்கு முன், ஆள் நடமாட்டம் இல்லாத காலையில் எடுத்த படங்களை மௌனம் அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம் என்றவர் மேடையேறி நாற்பது நிமிடம் பேசினாராம்.

தங்கை அதற்குள் கடையைக் காலி செய்திருந்தாள். கடைத்தெருவில் எண்ணெய் மண்டிக்கும் தையல் கடைக்கும் மேலே, பார்க்கச் சகிக்காத பச்சை வண்ணமடித்த ஒரு பழைய மாடியில் இடம் பிடித்தாள். சாமான் மாற்றுகிற அன்று கூப்பிடாமலேயே அக்கா போய் நின்றாள். தங்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய தட்டு ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

தெருவிலிருந்து படி நேரே மேலே போனது. அக்கா பழக்க தோஷத்தில் படியின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். எல்லாம் ஒரே அளவு. கைப்பிடியும் கைக்கு எட்டியது.

“இதை யார் கட்டினது?” என்று கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்” என்றாள் தங்கை. “பார்த்து வா, தட்டு சாயுது.”