முப்பது குதிரைகளும் ஒரு பின்பலகையும்

ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டாவில் ஐந்தாம் மாடியில் இருந்த பேனாட்டின் வீட்டு வரவேற்பறையில் மூன்று கிழமைகளாக ஓர் இஞ்சின் விருந்தாளியாக நின்றது. படகின் பின்பலகையில் மாட்டுகிற இஞ்சின், முப்பது குதிரை வலு. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் அதை நிறுத்தியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் பார்க்க வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதுபோல் வந்து, "நல்ல வாட்டசாட்டம்தான்" என்று சொல்லி, றோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போகும். றோல்ஸ் பொரிப்பது பேனாட்டின் மனைவி றோஸ்.

படகோ வீட்டில் இருந்த எல்லாரையும் விட மூத்தது. பதினைந்து அடி, மூன்று தடவை பூச்சுக் கண்டது. அதைவிடப் பெரிய சொத்து அதைக் கட்டிவைக்கிற இடம். ஒஸ்லோவில் மாப்பிள்ளை கிடைப்பான், வீடு கிடைக்கும், படகு கட்ட இடம் கிடைக்காது. றோஸ் நோர்வேக்கு வந்த அடுத்த வருடமே படகுச் சங்கத்தில் பெயர் கொடுத்து, ஒன்பது வருடம் வரிசையில் காத்திருந்து அந்த இடத்தை எடுத்தாள். மெலிஞ்சிமுனையில் பிறந்தவள். தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் பன்னிரண்டு வயதிலேயே துடுப்புத் தண்டு வலித்தவள். பேனாட் இளவாலைக்காரன். அவன் பிறந்த வீட்டில் கடல் கலண்டர் படத்தில்தான் இருந்தது. ஆனாலும் படகு வந்த அன்றைக்கே இஞ்சின் பிடியை அவன்தான் பிடித்துக்கொண்டான்.

"நீர் நடுவிலை இரும் றோஸ். பாரம் சமமா இருக்கும்."

அந்தக் கோடை முழுவதும் றோஸ் மடியில் றோல்ஸ் தட்டோடு நடுவில் இருந்து பாரத்தைச் சமப்படுத்தினாள். அடுத்த கோடையில் பழைய இஞ்சின் உயிரை விட்டது. "புது இஞ்சின் வரட்டும், முதல் ஓட்டம் உமக்குத்தான்" என்று பேனாட் வாக்குக் கொடுத்தான். வாக்கும் படகும் அந்த வருடம் முழுவதும் அசையவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூன் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் படகு இடத்தை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். றோஸ் கலங்கிப்போனாள். பேனாட் கலங்கவில்லை. தமிழன் அல்லவா, உடனே ஒரு குழு அமைத்தான்.

தலைவர் சூசைரட்ணம். ஊரில் கடற்றொழிலாளர் சங்கக் கடையில் படகுகளுக்கு மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியவர். பதினொரு வருடம் அளந்ததில் கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. செயலாளர் பேனாட்டின் தம்பி யூலியன். வெஸ்ட்லியில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வரும்போது இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்த நூற்றிருபது பக்கங்களோடு வருவான். ஒரு பக்கத்தையும் வாசித்ததாகத் தகவல் இல்லை.

இஞ்சின் கடைக்காரர் எட்டுக் குதிரை போதும் என்று சொல்லியிருந்தார்.

"எட்டோ?" சூசைரட்ணம் நெஞ்சில் கை வைத்தார். "லில்லெஸ்ட்ரோமிலை இருக்கிற மகேந்திரராசா இருபது வைச்சிருக்கிறான். நாங்கள் எட்டோடை போய் அவன்ரை முகத்திலை முழிக்கிறதோ?"

மகேந்திரராசாவின் படகு இதைவிட இரண்டு மடங்கு பெரிது. தவிர, துறைக்குள் மணிக்கு ஐந்து கடல்மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்று பலகையும் இருக்கிறது. இதெல்லாம் சில்லறை விஷயங்கள் என்பதால் குழு கவனத்தில் எடுக்கவில்லை.

றோஸ் ஒருநாள் வேலை முடிந்து, தையல் அளவு நாடாவோடு படகுக்குப் போனாள். அன்று மாலை தேநீர்த் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"பின்பலகையின்ரை உயரம் முப்பத்தெட்டு சென்ரிமீற்றர். அதுக்குத் தண்ணிக்குள்ளை இறங்கிற கால் கட்டையான இஞ்சின்தான் சரிவரும். பத்துக் குதிரைக்கு மேலை போடக்கூடாதெண்டு பலகையிலை தகடும் அடிச்சிருக்கு."

"தங்கச்சி, அது நோர்வேக்காரர் பயத்திலை அடிக்கிற தகடு" என்றார் சூசைரட்ணம்.

"கால் நீளமெண்டால் நல்லதுதானே அண்ணி, ஆழத்திலை பிடிக்கும்" என்றான் யூலியன்.

"றோஸ், தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றான் பேனாட்.

மற்ற இருவர் சொன்னது அவளுக்குச் சுடவில்லை. இவன் சொன்னது சுட்டது. அவனுடைய கோப்பையில் நாலு கரண்டி சீனியைக் கொட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். குழு ஏகமனதாக முப்பதைத் தெரிவு செய்தது. கால் நீளம்.

இஞ்சின் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. "ஒருக்காக் கொண்டுபோய் மாட்டிப் பாப்பம்" என்று கேட்டாள்.

"தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்காமல் இஞ்சினைத் தண்ணியிலை விடுறதோ?" சூசைரட்ணம் சிலுவை போட்டுக்கொண்டார். "ஜூன் இருபத்தொன்பது, மீன்பிடிச்ச புனிதர் இராயப்பரின்ரை திருநாள். ஞாயிறும் கூட. சாமியாரைக் கூப்பிட்டு முறையாய்ச் செய்வம்."

"அண்டைக்குத்தான் கடைசி நாள், அண்ணை. ஏதும் பிழைச்சால்?"

"பரலோகக் கதவின்ரை திறப்பையே கையிலை வைச்சிருக்கிறவர், ஒரு படகு இடத்தைக் காப்பாத்தமாட்டாரோ?"

இதற்கு மறுமொழி சொன்னால் விசுவாசக் குறைவு ஆகிவிடும். றோஸ் படகைக் கழுவப் போனாள். அங்கே துடுப்புத் தண்டுகள் இரண்டும் கரையில் எறியப்பட்டுக் கிடந்தன. இஞ்சின் படகில் தண்டைக் கண்டால் சனம் ஏழைகள் என்று நினைக்கும் என்பது குழுவின் தீர்மானம். அவள் அவற்றை எடுத்துப் படகுக்குள் கிடந்த தார்ப்படங்கின் கீழ் ஒளித்து வைத்தாள்.

திருநாள் வந்தது. இறங்குதுறையில் முப்பது பேர், ஒரு குதிரைக்கு ஒருவர் கணக்காக. இஞ்சினுக்குப் பிளாஸ்டிக் மல்லிகை மாலை. சங்கத்தின் துறைப் பொறுப்பாளர் ஓட்வார் கையில் பட்டியலோடு தள்ளி நின்றார். மூன்று ஆண்களும் மூச்சு வாங்க இஞ்சினைத் தூக்கி மாட்டி, மூவரும் அதைக் கட்டிப்பிடித்தபடி படகின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். புகைப்படத்தில் விழவேண்டும் அல்லவா.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். அது போதாதென்று கடலும் தெளித்தது. படகின் முன்பக்கம் பூசையில் சுவிசேஷம் கேட்கிறவர்போல எழுந்து நின்றது, பின்பலகைக்கு மேலால் தண்ணீர் உள்ளே வந்தது. பேனாட் பதறி இஞ்சினை முடுக்கினான். நீண்ட கால் சேற்றில் புதைந்து, கரும் சேற்றை விசிறியடித்துவிட்டு நின்றுபோனது. சாமியார் வெள்ளை அங்கியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்குப் பட்டியலை மூடவேண்டும்" என்றார் ஓட்வார், குரல் உயர்த்தாமல். மணி மூன்றரை.

ஒன்பது வருட வரிசை. றோஸுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

அவள் ஓட்வாரிடம் நோர்வே மொழியில் கேட்டாள். "படகு வெளியே போய்த் திரும்ப வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? இஞ்சினோடு என்று எழுதவில்லையே?"

ஓட்வார் கடிதத்தை எடுத்து முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வாசித்தார். "எழுதவில்லை" என்றார்.

"இஞ்சினைக் கழட்டிக் கரையிலை வையுங்கோ" என்றாள் றோஸ். "அண்ணை, இறங்குங்கோ. யூலியன், நீயும்."

அவள் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. தலைவரும் செயலாளரும் இஞ்சினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் வாளியால் தண்ணீரை இறைத்தாள், படங்கின் கீழிருந்து தண்டுகளை எடுத்தாள், முன்பலகையில் உட்கார்ந்து மாட்டினாள்.

"தண்டை இஞ்சை தாரும், நான் வலிக்கிறன்" என்றான் பேனாட். சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு வலிக்கத் தெரியுமோ?"

பேனாட் கரையைப் பார்த்தான். மாலையோடு நின்ற இஞ்சினைப் பார்த்தான். "தெரியாது" என்றான். அவள் நோர்வேக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் கடலைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை.

"அப்ப நடுவிலை இருங்கோ. பாரம் சமமா இருக்கும்."

யாரோ றோல்ஸ் தட்டை அவனிடம் நீட்டினார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். றோஸ் இரண்டு தண்டையும் ஒன்றாக இழுத்தாள். படகு இத்தனை நாளும் இதற்குத்தான் காத்திருந்ததுபோல் வழுக்கிக்கொண்டு போனது. துறைவாயிலைத் தாண்டும்போது ஓட்வார் பட்டியலில் குறியிடுவது தெரிந்தது. உள்ளங்கை எரிந்தது. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது, வெட்கமில்லாமல் சந்தோசமாக இருந்தது.

"நாளைக்கு உந்த இஞ்சினைத் திருப்பிக் குடுத்திட்டு எட்டு எடுப்பம்" என்றாள். "கால் கட்டை."

"ஓம்."

"இஞ்சின் பிடி என்ரை கையிலை."

பேனாட் வாயைத் திறந்தான். அவர்கள் கரையிலிருந்து நன்றாக விலகியிருந்தார்கள், அவனுக்கு நீந்தவும் தெரியாது.

"ஓம்" என்றான், தட்டை இறுக்கிப் பிடித்தபடி.