பதினொன்றாம் இடம்

1

இந்தக் கதையைச் சொன்னவர் என் தங்கை கணவர். யாருக்கோ நடந்ததாகத்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் அவருக்கே நடந்ததாக எழுதுகிறேன். படித்தால் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

2

'இணையத்தில் எதுவுமே அழிவதில்லை' என்று தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். அது கட்டுரைக்கான வரி.

மாப்பிள்ளையின் வேலை, வலைப்பக்கங்களைத் தேடலில் மேலே ஏற்றுவது. மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு திரைகள். காது மருத்துவமனை ஒன்று அவரைக் கூப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது ஏற்றம் இல்லை, இறக்கம். மருத்துவமனையின் பெயரைத் தேடினால் மூன்றாவதாக ஒரு தையல்காரம்மா எழுதிய பக்கம் வந்தது. அங்கே ஆபரேஷன் செய்த பிறகு மகளுக்கு வலது காது கேட்காமல் போனதைத் தேதிவாரியாக எழுதியிருந்தார்.

"பொய்யா சார்?"

"பொய்னு நான் சொன்னேனா? கீழ போகணும், அவ்வளவுதான்," என்றார் நிர்வாகி.

(இவரை வில்லனாக்க இரண்டு முறை முயன்றேன். எடுபடவில்லை. தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தாராம்.)

3

அந்தப் பக்கத்துக்கு வேறு தாய்மார்கள் பலர் தங்கள் பக்கங்களிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அதுதான் அதை மூன்றாம் இடத்தில் தாங்கிப் பிடித்தது. மாப்பிள்ளை காது பராமரிப்பு, டாக்டர் பேட்டி என்று பதினான்கு கட்டுரைகளை மருத்துவமனையின் பெயரோடு வெவ்வேறு தளங்களில் ஏற்றினார். நான்கே மாதத்தில் அவை மேலே ஏற, தையல்காரம்மா பதினொன்றாம் இடம். அதாவது தேடலின் இரண்டாம் பக்கம். அங்கே யார் போகிறார்கள்?

அன்று குற்ற உணர்வு அவரை

இல்லை. சந்தோஷப்பட்டார். திரையைப் படமெடுத்து என் தங்கைக்கு அனுப்பினார். 'சூப்பர்ங்க' என்று அவளும் பதில் போட்டாள்.

4

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"பக்கத்தை மேல கொண்டுவர்றவர் நீங்கதானே தம்பி? தேடினா உங்க பேர்தான் முதல்ல வருது."

"ஆமாம்மா."

"நான் துணி தைக்கிறவ. எம்பொண்ணு காதைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படிச்சிட்டு மாசம் நாலஞ்சு பேராவது கூப்பிடுவாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்லுவேன். இப்போ ரெண்டு மாசமா ஒருத்தரும் கூப்பிடல. நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா தம்பி?"



5

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். எழுத எழுத எனக்கே இனித்தது, அதனால் நம்பவில்லை. இன்னொன்றில் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுகிறார். மூன்றாவதில், அந்தப் பதினான்கு கட்டுரைகளையும் அவர்

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க பக்கத்தோட அட்ரஸ் சொல்லுங்கம்மா, பாக்குறேன்."

அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மாப்பிள்ளைக்கு அது மனப்பாடம். இருந்தும் பேனாவை எடுத்து, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா" என்று கேட்டுக் கேட்டு ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

பிறகு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. மருத்துவமனையின் பெயர் எனக்குத் தெரியும். தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், மூன்றா பதினொன்றா என்று. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.